ராகு காலத்து வண்டி

ராஜாராம் பஞ்சாங்கம் பார்க்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார் என்று அவர் வேலை பார்க்கும் மதுரைச் சிம்மக்கல் நூல் கடையில் கேலி செய்வார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. பல் தேய்ப்பார். முடிவெட்டிக்கொள்ளவும் செருப்பு வாங்கவும்தான் நாள் பார்ப்பார். அப்படிப்பட்டவர், வீட்டுக்கு முதன்முதலாக ஒரு வண்டி வருகிறது என்றால் சும்மா விடுவாரா?

வண்டி அவருக்கு இல்லை. அவர் மனைவி ஹம்சவேணிக்கு. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. அதனால் பின்பக்கம் இரண்டு கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்தான் அவளால் ஓட்ட முடியும். லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. லைசென்ஸ் பர்ஸில் இருந்தது, வண்டிதான் இல்லை.

இத்தனை நாள் அதற்கு அவசரமும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பதாவது வயதில், அலங்காநல்லூருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம். கையெழுத்துப் போட ஒரு வருகைப் பதிவேடு, அதில் தன் பெயர். இதை நினைத்து நினைத்து அவளுக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் பாதிதான். வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

பஸ்ஸில் போய் வர முடியுமா என்று ஒருநாள் பார்த்தாள். ஷேர் ஆட்டோவில் ஆரப்பாளையம், அங்கிருந்து பஸ், இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. ஏறும்போது கண்டக்டர் கை கொடுத்தார், இறங்கும்போது ஓர் அம்மாள் தாங்கிப் பிடித்தாள். எல்லோரும் தங்கமான மனிதர்கள்தான். ஆனால் தினம் நாலு பேரிடம் கை கேட்டு வேலைக்குப் போக முடியுமா? திரும்பி வந்து இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில், "வண்டி இருக்குல்லம்மா? வெயிலு மழைன்னு லீவு போடக் கூடாது" என்று கேட்டபோது, "இருக்கு மேடம்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டும் வந்திருந்தாள். சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் இந்த ஏலம்.

ஏலம் என்றால் செல்போனில் நடக்கிற ஏலம். பழைய வண்டிகளைப் படம் பிடித்துப் போடுவார்கள். ஐயாயிரம் முன்பணம் கட்டிவிட்டு விலை கேட்க வேண்டும். போன திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்தது. மற்றவர்கள் எல்லாம் இருபதாயிரத்திலேயே கழன்றுகொண்டார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் விடாமல் கூடவே வந்தார். ஆள் பெயர் தெரியாது, ஓர் எண் மட்டும் தெரியும். அவள் நூறு ஏற்றினால் அவரும் நூறு ஏற்றினார். கடைசி நிமிஷத்தில் அந்த ஆள் இருபத்தெட்டாயிரத்தில் நின்றார். ஹம்சவேணி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இருநூறு கூட்டினாள். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. வண்டி அவளுக்கு என்று செல்போனில் பூ உதிர்ந்தது.

அந்த நிமிஷமே போய் எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ராஜாராம் பஞ்சாங்கத்தை எடுத்தார். மறுநாள் செவ்வாய், ஆகாது. புதன் அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளி கரிநாள். சனிக்கிழமை இரும்பை எவனாவது வீட்டுக்குக் கொண்டு வருவானா? ஞாயிறு பத்தரைக்கு மேல் அருமையான நேரம் என்று முடிவாயிற்று. மீதிப் பணம் கட்டக் கெடுவும் அன்று சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் இருந்தது. சௌராஷ்டிரக் குடும்பம் என்பதால் வீட்டுக்குள் பேச்செல்லாம் அவர்கள் பாஷையில்தான். அன்றைக்கு மட்டும் ஹம்சவேணி, "ஒங்க பஞ்சாங்கத்தைத் தூக்கி வைகையில போடுங்க" என்று தமிழில் கத்தினாள். அக்கம்பக்கத்துக்கும் நியாயம் தெரிய வேண்டும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் அலங்காநல்லூர் ரோட்டில் சிக்கந்தர்சாவடி தாண்டி இருந்த அந்தக் கிடங்கில் போய் இறங்கினார்கள். ராஜாராம் கையில் பூமாலை, சூடம், நாலு எலுமிச்சம்பழம். அவள் கையில் வண்டிக்குப் படைக்கக் கிளறிய புளியோதரை. மீதி கட்ட வேண்டியது இருபத்து மூவாயிரத்து இருநூறு. அதற்கு மேல் பெட்ரோலுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஒதுக்கி வைத்திருந்தாள்.

வண்டியைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாம்பல் நிறம். இடது பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல். சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தாள். கால் தரையைத் தேடவில்லை. அப்படியே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அசோக்குமார் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். வண்டியை விற்கிற கோயம்புத்தூர்க்காரருக்கு இங்கே அவன்தான் ஆள்.

"மீதிப் பணம் இருபத்து மூவாயிரத்து இருநூறு மேடம். கெடங்கு வாடகை அஞ்சு நாளைக்கு ஆயிரத்து எழுநூத்தம்பது. ஏத்தி எறக்குன கூலி தொள்ளாயிரம். சைடு வீலு ரெண்டாயிரத்து ஐந்நூறு. டாக்குமெண்டு ஐந்நூத்தித் தொண்ணூறு."

ஹம்சவேணி தாளை வாங்கிப் பார்த்தாள். "சைடு வீலுக்குத் தனிக் காசா? அது இல்லாட்டி அந்த வண்டி எனக்கு எதுக்குங்க?"

"ஸ்கூட்டருக்குத்தான் ஏலம் விட்டது மேடம். வீலு எக்ஸ்ட்ரா பிட்டிங்."

"அஞ்சு நாள் வாடகையா?" என்றார் ராஜாராம். குரல் கீழே போய்விட்டது. செவ்வாய், அஷ்டமி, நவமி, கரிநாள், சனி என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. ஹம்சவேணி அவரைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுவதே நல்லது.

ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய் கூடுதல். கையில் இருப்பதை எல்லாம் துடைத்துப் போட்டாலும் நாலாயிரத்துச் சொச்சம் குறைந்தது. ஐந்து மணிக்குள் முழுப் பணமும் கட்டாவிட்டால் ஏலம் ரத்து; முன்பணம் ஐயாயிரமும் போய்விடும். இதை அசோக்குமார் கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்கிறவன் மாதிரி சொன்னான்.

ராஜாராம் போன் போட ஆரம்பித்தார். மைத்துனர் ராஜேஷ்குமார் எடுக்கவில்லை. நூல் கடை முதலாளி குடும்பத்தோடு திருப்பதியில், கியூவில் நிற்கிறாராம், போனைக் கோயில் வாசலில் கொடுத்துவிட்டாராம். கழுத்துச் சங்கிலியை வைக்கலாம் என்றால் அவர்களுக்குத் தெரிந்த அடகுக் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. நல்ல நாள் பார்த்ததில் இப்படி ஒரு வசதி. ஹம்சவேணி கோயம்புத்தூர் நம்பருக்கே பேசிப் பார்த்தாள். "லிஸ்ட்ல இருக்கிறத கட்டுங்க மேடம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள்.

மணி ஒன்று ஆயிற்று. தகரக் கூரையின் கீழ் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் காலையிலிருந்து ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊன்றுகட்டையைப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. ஹம்சவேணி போய் மறுமுனையில் உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லை, நிற்கத் தெம்பும் இல்லை.

"நீங்களும் வண்டி எடுக்கவாண்ணே?"

"கட்டுன அட்வான்சத் திரும்ப வாங்கணும்" என்றார். பிறகு தானாகவே, "பேயாண்டின்னு பேரு. இதே ரோட்டுல குமாரம்னு ஊரு, அங்க வீடு. அலங்காநல்லூர்ல பஞ்சர்க் கடை வச்சிருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. மஞ்சள் பையில் சாப்பாடு இருக்கும் என்று நினைத்தாள். மணி இரண்டாகியும் அவர் அதைத் திறக்கவில்லை. எப்படிப்பட்ட கவலையிலும் எதிரே ஒருத்தர் பசியோடு இருக்கத் தான் மட்டும் சாப்பிடுவது அவளுக்கு ஆகாது. தூக்குவாளி மூடியில் புளியோதரையை அள்ளி வைத்து நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார். "வண்டிக்குப் படைக்கக் கொண்டாந்தது. வண்டிதான் இல்லன்னு ஆகிப் போச்சு, நாமளாச்சும் சாப்பிடுவோம்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் வாங்கிச் சாப்பிட்டார். மெதுவாக, ஒரு பருக்கை விடாமல்.

"எங்க போகணும் ஒங்களுக்கு, வண்டியில?"

அவள் சொன்னாள். தையல் டீச்சர் வேலை, திங்கட்கிழமை ஒன்பது மணி, பஸ் படி எல்லாவற்றையும் சொன்னாள். அன்று முழுவதும் கணவரிடம்கூடச் சொல்லாததையும் சொன்னாள். "பஸ்ல எல்லாரும் கை குடுக்கத்தான் செய்றாங்கண்ணே. ஆனா கை குடுத்துட்டு ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க, அதத் தெனமும் வாங்கிட்டு வரணுமேன்னுதான்."

பேயாண்டி ஊன்றுகட்டையைத் தடவிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்று மணி. மூன்றரை. ராஜாராம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டு ஓய்ந்து, பூமாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு ஹம்சவேணி எழுந்தாள். முன்பணத்தையாவது திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி வண்டி இல்லை என்ற உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டாள். வேலை போனது போனதுதான்.

"தங்கச்சி" என்று பின்னால் குரல் வந்தது. "அந்தத் தாளை இங்கிட்டுக் கொண்டாங்க."

பேயாண்டி தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் செல்போனை எடுத்து ஏலச் செயலியைத் திறந்து, விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஊன்றுகட்டையை அக்குளில் கொடுத்து எழுந்து அசோக்குமாரின் மேஜைக்குப் போனார்.

"தம்பி, இந்த வண்டிக்கு நிபந்தனைன்னு பதினாறு போட்டிருக்கீங்க. தமிழ்லயும் இருக்கு, கடைசிப் பக்கத்துல, எறும்பு எழுத்துல. ஆறாவத வாசிக்கிறேன் கேளுங்க. 'ஏலம் முடிந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குக் கிடங்கு வாடகை இல்லை.' இன்னைக்கு ஆறாவது நாளு. ஒம்போதாவது. 'படத்தில் காணப்படும் பொருத்தப்பட்ட பாகங்கள் அனைத்தும் ஏலத்தொகையில் அடங்கும்.' படத்துல சைடு வீலு தெரியுதா இல்லையா? பதினஞ்சாவது. 'இங்கே குறிப்பிடாத கட்டணம் எதையும் விற்பவர் கோரக் கூடாது.' ஏத்தி எறக்குன கூலின்னு பதினாறுலயும் எங்கயும் இல்ல. டாக்குமெண்டுக்கு ஐந்நூத்தித் தொண்ணூறுன்னு போட்டிருக்கு. அது நியாயம், அதக் குடுக்கணும்."

கடைசி வாக்கியத்தை அவர் ஹம்சவேணியைப் பார்த்துச் சொன்னார்.

அசோக்குமார் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வரப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் ராஜாராம் கும்பிடாத சாமி மதுரையில் இல்லை.

வந்தவன் தாளை வாங்கி மூன்று வரியை அடித்தான். "மீதிப் பணத்தோட ஐந்நூத்தித் தொண்ணூறு மட்டும் சேத்துக் குடுங்க மேடம். எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. மேல எழுதச் சொல்றாங்க, எழுதுறேன். கேக்குறவங்களுக்குக் கொறைக்கிறோம், கேக்காதவங்க கட்டிட்டுப் போயிர்றாங்க."

ஹம்சவேணி எண்ணிக் கொடுத்தாள். சாவி கைக்கு வந்தது. "அண்ணே..." என்று பேயாண்டியிடம் திரும்பினாள்.

அதற்குள் அசோக்குமார் பேயாண்டியிடம் பேச ஆரம்பித்தான். ரசீதுக்கு முத்திரை குத்திக்கொண்டே, பாதி சலிப்பும் பாதி சிரிப்புமாகச் சொன்னான். "ஏண்ணே, ஒங்களுக்கு என்ன கிறுக்கா? இன்னும் அரை மணி நேரம் வாயை மூடிட்டு உக்காந்திருந்தா வண்டி ஒங்களுக்குல்ல வந்திருக்கும்."

"என்ன சொல்றீங்க?" என்றாள் ஹம்சவேணி.

"பதினாலாவது நிபந்தனை மேடம். ஜெயிச்சவங்க அஞ்சு மணிக்குள்ள கட்டலன்னா, அடுத்ததாக் கேட்டவருக்கு அவர் கேட்ட வெலைக்கே வண்டி. இருபத்தெட்டாயிரம் கேட்டது இந்த அண்ணன்தான். காலையில பத்து மணிக்கெல்லாம் காசோட வந்து உக்காந்துட்டாரு."

அவள் மஞ்சள் பையைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பை என்று நினைத்த பை. நூறு நூறாகத் தன்னோடு ஏறி வந்து கடைசியில் சத்தம் காட்டாமல் நின்ற ஆள், இதோ ஒற்றைக் காலில் எதிரே நிற்கிறார். அவருக்கும் சைடு சக்கரம் வைத்த வண்டிதான் வேண்டும். இது ஏன் தன் மரமண்டைக்கு உறைக்கவில்லை என்று இருந்தது அவளுக்கு.

"இருபத்தெட்டுக்கு மேல ஏன் போகலண்ணே?"

"நிபந்தனையப் படிச்சேன்ல. அந்த ஐந்நூத்தித் தொண்ணூறயும் சேத்துக் கணக்குப் பாத்தா அம்புட்டுத்தான் முடிஞ்சது. ரெண்டு ஆட்டை வித்த காசு." அவர் சிரித்தார். "நீங்க படிக்காம ஏத்துனீங்க, ஜெயிச்சீங்க."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

பேயாண்டி மஞ்சள் பையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "நான் ஒண்ணும் பெரிய உத்தமன் இல்ல தங்கச்சி. பதினோரு மணிக்கு நீங்க அந்தத் தாளை வாங்குறப்பவே எனக்குத் தெரியும். நாலு மணி வரைக்கும் வாயத் தெறந்தேனா? கடிகாரத்தத்தான் பாத்துட்டுக் கெடந்தேன். அப்பறம் ஒங்க கை சோத்தைத் தின்னேன். அந்தப் பார்வையப் பத்திச் சொன்னீங்கள்ல, அதக் கேட்டுட்டு இந்த வண்டியில நான் எப்படி ஏறி உக்கார? ஏறுற நேரமெல்லாம் உறுத்தும். எனக்குக் கடை வாசல்ல சேர் போட்டு உக்கார்ற பொழப்பு. நாள் கூடக் கொறைய ஆனாலும் பாதகமில்ல. ஒங்களுக்கு நாளைக்குக் காலையில வேலை."

ஹம்சவேணி கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. பெற்ற தகப்பன்கூடத் தனக்கு இப்படி ஒன்றை விட்டுக்கொடுத்ததில்லை என்று அவள் மனசு சொல்லிற்று.

வாட்சைப் பார்த்த ராஜாராமுக்கு முகம் வெளுத்தது. மணி நாலு நாற்பது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். கிடங்கு ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மாலையைக் கையில் பிடித்தபடி அவர் வண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஊன்றுகட்டையோடு நின்றவரைப் பார்த்தார்.

"ராகு காலமாவது ஒண்ணாவது" என்றார் ராஜாராம். "இந்த மனுஷன் பேசுன நேரத்துக்கு மேல நல்ல நேரம் எங்க இருக்கு? வண்டிய எடு வேணி." மாலையைப் போட்டார், சூடம் கொளுத்தினார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "அண்ணன அவர் வீட்ல கொண்டுபோய் விட்டுட்டு வா. நான் பஸ்ஸுல போறேன்."

பழம் நசுங்க வண்டி நகர்ந்தது. ஹம்சவேணி ஓட்டினாள். பின்னால் பேயாண்டி, குறுக்கே ஊன்றுகட்டையும் மடியில் மஞ்சள் பையுமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் வயல். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "கிளட்ச் இல்லாத வண்டி, பிரேக்க மட்டும் பாத்துப் பிடிங்க", "பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்கு" என்று அவர் பஞ்சர்க் கடைக்காரராகவே வழி நெடுகப் பேசி வந்தார். அவள் எல்லாவற்றுக்கும் சரிண்ணே, சரிண்ணே என்றாள். மனசு முழுக்க நன்றி இருக்கும்போது வேறு என்ன பேச வரும்?

குமாரத்தில் ரோட்டோரம் இறக்கிவிட்டாள்.

"இங்கேருந்து கடைக்கு எப்படிப் போறீங்க தெனமும்?"

"எவன் வண்டியாச்சும் வரும். கைய நீட்டுவேன்."

"நாளையிலேருந்து நீட்ட வேணாம். நான் இந்த வழியாத்தான் போவேன். எட்டே காலுக்கு இங்க நில்லுங்க. சாயங்காலம் நாலரைக்குக் கடைக்கு வாரேன், சேந்து வருவோம். ஒங்களுக்குன்னு ஒரு வண்டி அமையுற வரைக்கும் இதுதான்."

"அய்ய, வேணாம் தங்கச்சி. ஒங்களுக்கு எதுக்கு இம்புட்டுச் செரமம்?"

"என்ன செரமம்? பின் சீட்டு சும்மாதான் போகும்."

பேயாண்டி தயங்கினார். "திங்கக்கெழமை காலையில ஏழரையிலேருந்து ஒம்போது வரைக்கும் ராகு காலமாச்சே. ஒங்க வீட்டுக்காரர் விடுவாரா?"

ஹம்சவேணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு. "இனிமே எங்க வீட்டுக்கு அதுதாண்ணே நல்ல நேரம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

மறுநாள் எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு அவள் குமாரம் வந்தபோது, பேயாண்டி கையை நீட்டாமல், குளித்துத் திருநீறு பூசி, தோளில் டயருக்குக் காற்றடிக்கும் பம்புடன் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார்.